ஜீப்பில் பதினோராவது ஆள்

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள் சாதியா, மணி பதினொன்றரை. நோட்டைக் கொடுக்கும்போது, தினமும் எழுது, என்றைக்காவது வாங்கிப் படிப்பேன் என்றாய். தினமும் முடியாது. வீடு அடங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. படிக்கக் கொடுப்பேனா என்பதும் தெரியாது. யாரிடமோ சொல்வதுபோல எழுதினால்தான் வருகிறது, அதனால் உன் பெயர்.

நாளை பி.எட். முதல் நாள். வயது இருபத்தொன்பது. பி.எஸ்சி. கணிதம் ஒன்றாக முடித்து எட்டு வருடமாகிறது. நீ அடுத்த வருடமே பி.எட். போனாய், இப்போது உத்தமபாளையத்தில் டீச்சர். எனக்குக் கல்யாணம், சினேகா, சாயந்திரம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். அந்த டியூஷன் காசில்தான் முதல் தவணை கட்டியிருக்கிறேன்.

புத்தகங்கள் உன்னுடையவை. யூனிபார்ம் சேலையும் உன்னுடையது, நல்லவேளை கலரை மாற்றவில்லை. தேனிக்கு நேர் பஸ்ஸில் போனால் டிக்கெட். உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என்று டவுன் பஸ்ஸில் மாறி மாறிப் போனால் பெண்களுக்கு இலவசம். இரண்டு மணி நேரம் ஆகும். ஆறே காலுக்கு அனுமந்தன்பட்டி ஸ்டாப்பில் நிற்க வேண்டும்.

சினேகாவுக்கு மூன்று வயது. அங்கன்வாடி பத்து மணிக்குத் திறந்து மூன்றரைக்கு விடுகிறது. மீதி நேரத்துக்கு அத்தைதான். அத்தை பதினைந்து வருடமாகக் கம்பம் மெட்டுக்கு மேலே, கேரளா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர். இப்போது மகன், என் வீட்டுக்காரர் ரூபன், ஓட்டும் ஜீப்பிலேயே, முன் சீட்டில். இனிப் போகவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். அவர் இடத்துக்கு ஆளும் பார்த்தாயிற்று. நிஜமாகத்தானா என்று கேட்டதற்கு, "சரிங்கேன்ல" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குப் பயம்.

18 ஆகஸ்ட்

வகுப்புக்குள் நுழைந்தபோது இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். பாடம் எடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள்.

வீடு வந்து சேர ஏழு. சினேகா தூங்கியிருந்தாள். சாப்பிட்டாளா என்று மூன்று முறை கேட்டேன் போல. "ஓம் புருசன நாந்தான் வளத்தேன் ஆத்தா, அவன் நல்லாத்தான இருக்கான்" என்றார் அத்தை.

29 ஆகஸ்ட், வெள்ளி

எண்பது சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். சின்னமனூரில் இன்று பஸ் வரவில்லை. அரை நாள் போயிற்று.

8 செப்டம்பர், திங்கள்

ராத்திரி ரூபன் சாப்பிட உட்கார்ந்தார். பிறகு அவராகவே சொன்னார். அத்தை இடத்துக்கு வந்த பாண்டீஸ்வரி நின்றுவிட்டாளாம், மில்லில் வேலை கிடைத்துவிட்டது. தினமும் பதினொரு பெண்களை மேலே கொண்டுபோவதுதான் எஸ்டேட்டோடு பேச்சு. பத்துப் பேரோடு போனால் ஒரு நாள் பொறுப்பார்கள், இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள் கம்பத்திலிருந்து வேறு ஜீப் வந்துவிடும். காய் யாருக்காகவும் காத்திருக்காது.

ஆள் பார்ப்போம் என்றார். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அசைன்மெண்ட் எழுதிக்கொண்டிருந்தேன், காதில் விழாததுபோல. தலைப்பு: மூன்று வயதுக் குழந்தையின் தேவைகள்.

10 செப்டம்பர்

ஆள் கிடைத்துவிட்டதாம். யார் என்று நான் கேட்கவில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

சினேகா பொம்மையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஒறங்கு மோளே, ஒறங்கு." மலையாளம். டிவியில் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன்.

கால் கழுவிவிடும்போது கெண்டைக்காலில் ஒரு புண். ரத்தம் உறைந்திருந்தது, அதன்மேல் காய்ந்த சுண்ணாம்பு. அட்டைக்கடி. இந்த ஊரில் எங்கே இருக்கிறது அட்டை?

எங்கே போனாய் என்று கேட்டேன். "அப்பா ஜீப்புல. மேல."

17 செப்டம்பர்

கல்லூரிக்குப் போகவில்லை. அவர்களும் போகவில்லை, நான் ஜீப் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆறு நாள். ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல், நான் பஸ் ஏறப் போவதற்கு முன்பே, ஐந்து மணிக்கு, தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு தூக்கி — எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அந்த நேரத்தில் நான் அடுப்படியில் இருப்பேன். அத்தை பாப்பாவோடு முன் அறையில் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, எழுப்பிவிடக் கூடாதென்று கதவைக்கூடத் திறக்காமல் கிளம்பியிருக்கிறேன். பதினோராவது ஆள் அத்தைதான். பிள்ளையை மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுக் காய் எடுத்திருக்கிறார்.

அந்த வளைவெல்லாம் என் பிள்ளை போயிருக்கா. மருந்தடிக்கிற காட்டுக்குள்ள. நான் இங்கன ஒக்காந்து குழந்தையின் தேவைகள்னு பத்துப் பக்கம் எழுதிருக்கேன். எந்தப் பிள்ளைக்கு டீச்சராகப் போறேன் நான்?

அத்தைதான் பேசினார், சத்தம் போடாமல். "ஜீப்பு போச்சுன்னா ஓம் ரெண்டாவது பீசு எங்கிட்டிருந்து வரும்? நீ படிப்ப விட்ருவன்னு பயந்துதான் ஒங்கிட்டச் சொல்லல."

நான் படிப்பை விடுவதுதான் அவருக்கு வேண்டியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

19 செப்டம்பர், வெள்ளி

நேற்றும் இன்றும் நானே போனேன், பதினோராவது ஆளாக. அத்தை பாப்பாவோடு வீட்டில். வேறு வழி தோன்றவில்லை.

செடியின் அடியில் குத்தவைத்து, தரையோடு கிடக்கிற சரத்தில் விளைந்த காயை மட்டும் கிள்ள வேண்டும். நான் பிஞ்சையும் சேர்த்துக் கிள்ளினேன். "டீச்சரம்மா, இதெல்லாம் இன்னும் ஒண்ணாங்கிளாஸு. அதுக்குள்ள பாஸ் போட்டு விட்டீகளே" என்றார் சுப்புத்தாய், அத்தைக்கு அடுத்து ஜீப்பில் மூத்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மேஸ்திரி மலையாளி, வயதானவர். மோள் எங்கே என்று விசாரித்தார். தொட்டில் கட்டிய மரத்தைக் காட்டினார். கயிறு இன்னும் இருந்தது.

திரும்பி வரும்போது முழங்கால் மடங்கவில்லை. ஜீப்பில் சுப்புத்தாய் அத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார், ஒரு நாளும் முன் சீட்டை யாருக்கும் விட்டதில்லை என்று. பிறகு பேச்சோடு பேச்சாக, "எங்க தெரு எப்சிபா வருவா. அவளுக்கு வேல இல்லாமத்தான் கெடக்கு. பச்சப்பிள்ளைய யாரு பாப்பா?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் எப்சிபா வீட்டுக்குப் போனேன். ஒல்லியான பெண், இருபத்துமூன்று இருக்கும். பையனுக்கு ஒன்றரை வயது, அங்கன்வாடியில் எடுக்க மாட்டார்கள். அத்தை பார்த்துக்கொண்டால் நாளைக்கே வருகிறேன் என்றாள். அத்தையைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னிடம் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்தானே என்ற நினைப்பும் இருந்தது. இருந்ததை எழுதத்தானே வேண்டும்.

அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். நிமிரவில்லை.

"அப்ப நான் ஆயாம்மா வேலைக்கா?"

இல்லை அத்தை, என்று ஆரம்பித்தேன். நானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தேன். மலைக்குப் போனால் அவர் கையில் அவர் சம்பளம். வீட்டிலிருந்தால் மகனிடம் கேட்டுத்தான் வெற்றிலை. எப்சிபா மாதம் ஏதோ தருகிறேன் என்றாள், அது அவர் வாங்கியதில் கால்வாசி வராது. இதை இரண்டு வருடத்துக்கு நான் கேட்கிறேன்.

அரை மணி கழித்து அத்தையே கேட்டார். "அந்தப் பய பால் குடிக்கிறானா, சோறு திம்பானா?"

22 செப்டம்பர், திங்கள்

நாலு மணிக்கே அத்தை எழுந்துவிட்டார். தூக்குவாளியில் சோறு போட்டு மூடியும்விட்டார், பழக்கத்தில். பிறகு திறந்து வைத்தார்.

ஐந்து மணிக்கு எப்சிபா பையனைக் கொண்டுவந்தாள். அத்தை இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் தாளையும், அட்டைக்கு வைக்கிற சுண்ணாம்பு டப்பாவையும் அவளிடம் கொடுத்தார். ஜீப் கிளம்பப் போகும்போது ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினார். "முன் சீட்டுல ஒக்காராத. அது எனக்கு."

எப்சிபா பின்னால் போய் நெருக்கிக்கொண்டு ஏறினாள். முன் சீட்டில் யாருமில்லாமல் ஜீப் போயிற்று. நான் ஆறே கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

7 அக்டோபர்

சினேகாவுக்குக் காய்ச்சல். போகட்டுமா வேண்டாமா என்று செருப்பை மூன்று முறை மாட்டிக் கழற்றினேன். அத்தை வாசலில் நின்று, "போத்தா, பஸ் வந்துரும்" என்றார். போனேன். மூன்றாவது பீரியட் முழுக்க எதுவும் மண்டையில் ஏறவில்லை.

8 அக்டோபர்

காய்ச்சல் இல்லை.

31 அக்டோபர், வெள்ளி

சின்னமனூரில் பஸ் தவறிய அரை நாட்களெல்லாம் கழித்து என் வருகை எண்பத்தொன்று சதவீதம். தப்பித்தேன். இனி ஒரு நாளும் விட முடியாது.

14 நவம்பர், வெள்ளி

சாதியா, இந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். முன்னால் உள்ளது வேண்டாம், நேரில் சொல்கிறேன்.

அத்தையிடம் இப்போது நாலு பிள்ளைகள். சினேகா, எப்சிபாவின் பையன், மேலத் தெருவில் ஒரு அக்கா தங்கை. அந்தப் பிள்ளைகளின் அம்மாவும் மலைக்குப் போகிறாள். ஜீப்பில் பன்னிரண்டு பேர். நேற்று நான் வரும்போது நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தை ஒரு ஏலக்காயை உரித்து, உள்ளே எத்தனை விதை என்று எண்ண வைத்துக்கொண்டிருந்தார். பையன் எண்ணாமல் தின்றுவிட்டான்.

இன்று காலையில் ஜீப்பைப் பார்த்தேன். முன் சீட்டில் எப்சிபா இருந்தாள். ரூபனைக் கேட்டேன். பின்னால் இடமில்லை, அம்மாதான் உட்காரச் சொன்னது என்றார்.

விஷயம் இதுதான். உன் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான, படம் போட்ட பழைய புத்தகங்கள் இருந்தால் எடுத்து வை. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நான் ஒட்டிக்கொள்கிறேன். "வெறும் வாயால எத்தன கததான் சொல்ல, ஓம் பிரண்டு டீச்சருட்டக் கேளு" என்று அத்தை நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திங்கட்கிழமை சாயந்திரம் உத்தமபாளையத்தில் பஸ் மாறும்போது வந்து வாங்கிக்கொள்வேன். எத்தனை கிடைக்கும் என்று சீக்கிரம் பதில் போடு.