தொண்ணூறு காலையும் ஒரே மலையும்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கச்சிராயபாளையம் ஸ்டாப்பில் டவுன் பஸ் தாமதம். கல்வராயன் மலையை முழுதாக வரைய நேரம் கிடைத்தது. ஒரு காலைக்கு ஒரு படம், இதோடு தொண்ணூறு. பஸ் வரும்வரைதான் வரைவது, வந்ததும் பேனாவை மூடிவிடுவது. நானே வைத்துக்கொண்ட சட்டம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ரியாஸிடம் கொடுத்தாயிற்று. கள்ளக்குறிச்சியில் அவன் வீட்டாரின் பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவன். திரைக்கு முன் யாராவது வந்து நின்றால் தொண்ணூறு காலையும் ஒவ்வொன்றாக நகர வேண்டும். வெள்ளி மாலை ஐந்துக்குள் சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பியாக வேண்டும். என் முதல் கண்காட்சி. விட்டால் அவ்வளவுதான்.

வாங்க: கறுப்பு மை, கொசுவர்த்தி, வெங்காயம்.

நவ. 6, வியாழன்

வெயில். எரிச்சல். ரியாஸின் மாடியில் புரோகிராமை ஓட்டிப் பார்த்தால் பதினோரு படம்தான்.

"மிச்சம் எங்க ரியாஸ்?"

"ஒரே மாதிரி இருக்கறத எடுத்துட சொல்லி எழுதிட்டேன்க்கா. ஃபைல் ஜாஸ்தி ஆவுது இல்ல."

தேறியதில் பத்து, பஸ் சீக்கிரம் வந்துவிட்ட நாள்கள். அரை மலை, கால் மலை, ஒன்றில் வெறும் கோடு. முழுதாக வரைந்ததில் ஒன்றே ஒன்று மிச்சம், மற்றதெல்லாம் போச்சு. யாரைக் கேட்டு எடுத்தான்? கத்திவிட்டேன். டீ கொண்டுவந்த அவன் அம்மா, "சண்ட போட்டுக்கினே இருந்தா டீ ஆறிப்போவும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

கணக்குத் தெரிகிறது, பார்க்கத் தெரியவில்லை அவனுக்கு. தலைவலி. வெங்காயம் மறந்துவிட்டேன்.

நவ. 7, வெள்ளி

மேகமூட்டம். பத்து மணிக்கே போய்விட்டேன். ரியாஸ் இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"கோச்சிக்காதீங்கக்கா. இது ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்? நெசமாத்தான் கேக்கறேன்."

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். என் கை, என் கோடு. வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. எது எந்த நாள் என்றுகூடத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"இது மழை பெய்ஞ்ச மறுநாள். மலை கிட்ட தெரியும்" என்றேன். பொய்.

திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். "ஆமாக்கா. கிட்டதான் தெரியுது. இத மொதல்லயே சொல்லியிருந்தா எடுத்திருக்கவே மாட்டேன்."

ஜும்மா தொழுகைக்கு ஓடிப்போய் வந்தான். சாப்பிடவில்லை. எழுபத்தொன்பதையும் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். மணி மூன்றரை. ஒவ்வொன்றையும் திறந்து, ஆசையாக, என் முகத்தைப் பார்க்கிறான்.

"இது எப்டிப்பட்ட காலைக்கா?"