நாற்பதாவது இணைப்பு

நாள் 811, 08:10
நிலவின் தென்துருவத் தளம். எழுதுபவள் மரியபுஷ்பம், தரவுத்தளக் காப்பாளர். இருந்த மூன்று சர்வர்களில் இரண்டு போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சமிருக்கும் கிழம் ஒரே நேரத்தில் நாற்பது இணைப்புகளுக்கு மேல் தாங்காது. முப்பத்தொன்பது எல்லோருக்கும், கடைசி ஒன்று அவசரத்துக்கு, எனக்கு. இன்றும் முப்பத்தொன்பதும் நிரம்பியிருக்கின்றன. நிஜமாக வேலை செய்பவை ஐந்தோ ஆறோ.

நாள் 812, 13:20
பேருந்து ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் புத்தியை நம் ஆட்கள் நிலவுக்கு வந்தும் விடவில்லை. காலையில் நுழைந்தால் வெளியேறுவதே கிடையாது. பருப்பு இருப்பைப் பார்க்க சமையலறை நாள் முழுக்க ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. கேட்டால், "விட்டா திரும்பக் கெடைக்காது மேடம்."

இன்று விதி போட்டேன்: பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் இணைப்பை சர்வரே அறுத்துவிடும். இருபது நிமிடம் என்றேன். கத்தினார்கள். முப்பதாக்கினேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

நாள் 813, 15:20
டாக்டர் கோதைநாயகியிடமிருந்து: "புஷ்பம், செய்தூனுக்கு வலி எடுத்துடுச்சு. கொழந்த குறுக்க கெடக்கு, ஆபரேஷன்தான். மயக்க மருந்து மெஷினுக்கு ஒரு இணைப்பு குடும்மா."

யாரையாவது அறுத்து அந்த இடத்தைக் கொடுத்திருக்கலாம். வசவு வாங்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். செய்தூனின் கணவன் ஷாகுல், சூரியத் தகடுகளைத் துடைக்க இப்போதுதான் வெளியே போனான்.

15:56
ரேடியோவில் ஷாகுல்: "அக்கா, கதவு தொறக்க மாட்டேங்குது. காத்து நாப்பது நிமிஷத்துக்கு இருக்கு, அவசரமில்ல. செய்தூன் எப்டி இருக்கா?"

போனவன் திரும்பும்வரை வெளிக்கதவு ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். என் விதி அதை அறுத்துவிட்டது. கதவுக்கு விலக்கு எழுத மறந்தது நான்தான். பாதியில் அறுந்ததால் அவன் வெளியே போன பதிவே அழிந்துவிட்டது. சர்வரைப் பொறுத்தவரை ஷாகுல் உள்ளே இருக்கிறான். உள்ளே இருப்பவனுக்கு அது வெளியிலிருந்து திறக்காது. கையால் திருகும் சக்கரம் உடைந்து மாதமாகிறது.

16:04
பதிவைத் திருத்த நுழைந்தேன். 'இணைப்புகள் நிரம்பிவிட்டன.' ஒலிபெருக்கியில் கெஞ்சினேன். வெளியேறினார்கள், பாவம். வரிசையில் காத்திருந்த ஆளில்லாத திரைகள் அந்தக் கணமே புகுந்துகொண்டன.

16:10
மருத்துவ அறை, வெளிக்கதவு, என் திரை தவிர எல்லாக் கேபிளையும் பிடுங்கினேன். பிடுங்கியது சர்வருக்குத் தெரியாது. முப்பது நிமிடம் பேச்சில்லை என்றால்தான் இடத்தை விடும். அதாவது 16:40. அவன் காற்று 16:36 வரை.

இருபதிலேயே பிடிவாதமாக நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை.

16:14
சர்வரை நிறுத்தி ஓட்டலாம். மயக்க மருந்து மெஷினும் நிற்கும், எழுந்துவரப் பதினோரு நிமிடம். டாக்டரைக் கேட்டேன். "வயித்தத் தெறந்தாச்சு புஷ்பம். இப்பப் போயி நிறுத்தச் சொல்லாத."

ஷாகுலுக்கும் கேட்டுவிட்டது. "அதத் தொடாதீங்க அக்கா. நான் மூச்ச மெதுவா விடறேன். நாலு நிமிஷந்தான?"

16:29
பெண் குழந்தை. சொன்னேன். "கத்துதா?" என்றான். மருத்துவ அறை ஒலியை அவனுக்குத் திருப்பிவிட்டேன். சிரித்தான். தையல் முடிய இன்னும் இருபது நிமிடம் ஆகுமாம்.

16:37
மூச்சுச் சத்தம் வருகிறது. பேசாதே என்று சொல்லியிருக்கிறேன்.

16:39
வரவில்லை.

16:40
முப்பத்தொன்பதும் காலி. நுழைந்துவிட்டேன்.

16:41
'வெளியே' என்று திருத்தினேன். கதவு திறந்தது. யாரும் வரவில்லை. தேடிப்போக இரண்டு பேர் உடை மாட்டுகிறார்கள்; மாட்டி முடிக்கவே கால் மணி நேரம்.

16:50
அப்பா எங்கே இருப்பதாக எழுதுவது என்று டாக்டர் கேட்கிறார், பிறப்புப் பதிவுக்காக.

ஷாகுல், கதவு தொறந்துதான் இருக்கு. வாப்பா உள்ள