ஒரு தப்பு வரை தாங்கும் மெமரி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலியும் அப்பாவின் இருமலும் தேவலையா? இங்கே எனக்குச் சோற்றுக்கும் வேலைக்கும் குறைவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் நேற்று சின்னக் கூத்து. இந்த மெஷினில் இருக்கும் மெமரிக்கு ஒரு குணம். ஒரு தப்பு வந்தால் சத்தமில்லாமல் தானே திருத்திக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு வந்தால் திருத்த முடியாது. தப்பான கணக்கைச் சொல்வதைவிட மேல் என்று மெஷினையே நிறுத்திவிடும். தினமும் திருத்திக்கொண்டே இருக்கிறது, மாற்றிவிடலாம் என்று மேலாளரிடம் சொன்னேன்.

“ஓடுதில்ல? ஓடுற மெஷின்ல கை வைக்காத” என்றார்.

நேற்று நின்றேவிட்டது. அவசரப் பிரிவில் திரைகள் எல்லாம் இருண்டன. நர்ஸுகள் வாசலில் நின்று கத்த, நான் பழைய மெமரியைப் பிடுங்கிப் புதியதை மாட்டினேன். திரைகள் மறுபடி ஒளிர்ந்தன, நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியைப் போடும்போது மெஷினுக்குள் சுழலும் விசிறி விரல்களைத் தட்டிவிட்டது. எழுத்து கோணலாக இருப்பது பேனாக் கோளாறு.

பட்டன் இல்லாத, தலைவழியாக மாட்டும் சட்டை இரண்டு அனுப்பு.

நர்ஸம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதை நீயே திருத்திப் படித்துக்கொள்வாய். இரண்டு சொன்னால் உனக்கும் தாங்காது. அதனால்தான், இங்கே தனியாகத் தவிக்கவில்லை என்று எழுதவில்லை.

உன் மகன்