பேழைக்குள் ஏறிய டைனோசர்

ஒக்டோபர் 12, ஞாயிறு

எழுத்துத் தெரியாததால் வழக்கம்போல் போனில் பேசிப் பதிந்து வைக்கிறேன்.

இன்று புவாண்ட்-கிளேர் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும், வெளியூர்ப் போதகர் ஒருவர் படம் போட்டுப் பேசினார். ஆதியாகமத்தை விஞ்ஞானமே நிரூபித்துவிட்டதாம். டைனோசர்களும் குட்டிகளாக நோவாவின் பேழையில் ஏறினவாம். நான் கையை உயர்த்தினேன்.

“பாஸ்டர், முந்தி வந்தநேரம் அதுகள் ஏறாமல் வெள்ளத்தில செத்ததெண்டு சொன்னனீங்கள்.”

மண்டபம் சிரித்தது.

“விஞ்ஞானம் மாறும்தானே ஐயா.”

“மாறட்டும். முந்திச் சொன்னது பிழையெண்டு சொல்லிப்போட்டெல்லோ மாறவேணும்?”

அவரை அழைத்து வந்தவன் என் சிநேகிதன் அருளப்பு. அவனுடைய காரை விட்டால் நான் இருக்கும் இல்-பிசார் தீவிலிருந்து ஆராதனைக்குப் போக எனக்கு வேறு வழியில்லை. திரும்பும்போது பாலம் தாண்டும்வரை ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு ஓட்டினான். எனக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப்போயிற்று என்று நினைத்தானோ? நம்புகிறேன். அதற்கு விஞ்ஞானப் பூச்சு எதற்கு என்றுதான்...

வீட்டு வாசலில் கேட்டான்: “அண்ணை, பாஸ்டர் முந்தி வந்தமுறை நீங்கள் குறட்டையெல்லோ விட்டனீங்கள்?”

“கண்தான்ரா மூடியிருந்தது.”

சிரித்துவிட்டான். “வாற ஞாயிறும் ஒன்பதுக்கு வாறன். வெளிக்கிட்டு நில்லுங்கோ.”

நித்திரை வருகிறது. இந்தமுறை உண்மையாகவே.