பந்து யார் கையில்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? போனில் கேட்டால் "இருக்கேன், இருக்கேன்" என்று சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பள்ளிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் கோச் ஆனதைச் சொன்னேன் அல்லவா? இப்போது வெறும் ஆட்டம் மட்டும் இல்லை. எச்.ஐ.வி பற்றி விளையாட்டிலேயே சொல்லித் தரும்படி சுகாதார மையத்து நர்ஸக்கா என்னைப் பழக்கிவிட்டார். எட்டுப் பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று, முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பந்தைக் கைமாற்றுவார்கள். பந்து யாரிடம் இருக்கிறது என்று எதிரே நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். ஒருத்தியாலும் முடியாது. முகத்தைப் பார்த்துக் கிருமியைக் கண்டுபிடிக்க முடியாது, பரிசோதனைதான் சொல்லும் என்பது பாடம்.

ஆட்டம் சூடு பிடிக்கட்டும் என்று நானே ஒரு விதி சேர்த்தேன். கடைசியில் பந்து யார் கையில் இருக்கிறதோ அவள் அவுட், மைதானத்தை விட்டு வெளியே போக வேண்டும். எங்கள் தடுப்பாட்டக்காரி நெட்டையாக இருப்பாள், 'கொக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையில் பந்து நின்றது. போனவள் போனவள்தான். பத்து நாளாகப் பயிற்சிக்கே வரவில்லை. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ரோஷமா?

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை வந்தாய். என் மகளைத் தூக்கக்கூட இல்லை. பாக்கெட்டில் கையை விட்டபடியே நின்றுவிட்டுப் போனாய். அப்படி என்னதான் தப்புச் செய்தோம்?

உன் வாலு

மார்ச் 11

வாலுவுக்கு,

பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். ஓரமெல்லாம் கிரீஸ்.

உன் விதி தப்பு. பந்து வைத்திருப்பவள் எதற்கு வெளியே போக வேண்டும்? கொக்கின் வீட்டில் யாராவது இந்தக் கிருமிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தோண்டித் துருவிக் கேட்டுவிடாதே.

இவனுக்கு என்ன தெரியும் என்கிறாயா? எனக்கு எச்.ஐ.வி இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பிய அந்த மாதம்தான் பரிசோதனை முடிவு வந்தது. தினமும் மாத்திரை, ஒரு நாள் தவறவிட்டதில்லை. இப்போது பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிக் கிடக்கிறது. வேலைக்கும் குறைவில்லை. தூக்கினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார். புத்திக்குப் புரிந்தது, கைக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது. வரலாமா? நீ சொல்.

அண்ணன்

ஏப்ரல் 2

வாலுவுக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. போனையும் எடுக்கவில்லை. கட்டாயம் ஒன்றும் இல்லை, பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன். கொக்கு திரும்ப வந்தாளா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொக்கு வந்துவிட்டாள். நானே வீட்டுக்குப் போய், விதியைத் தூக்கிவிட்டேன், தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. வாசல் வரை கூடவே வந்தவள், "அப்போ பந்து வெச்சிருக்கிறவளும் ஆடலாமா, கோச்?" என்றாள்.

"ஆடணும் கண்ணு" என்றேன். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

இனி உன் விஷயம். பொய் சொல்லிச் சமாளிக்கலாம், மனசு வரவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் காரியம், குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவியது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. தொட்டால் தொற்றாது, சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று வாரா வாரம் விசில் ஊதிச் சொல்லித் தருகிறவள் நான். என் சொந்த அண்ணன் எழுதிய காகிதத்துக்குப் பயந்தேன். அந்த வெட்கத்தில்தான் வாயடைத்துப் போனேன். ஏழு வருஷம் ஒருவரிடமும் சொல்லாமல் தனியாக மாத்திரை விழுங்கினாயே என்று நினைத்து நினைத்து அழுதேன், அண்ணா. நீயாகச் சொல்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன், என் வீட்டுக்காரரிடம்கூட.

உன் வீட்டுக்கு நீ வர என்ன கேள்வி வேண்டிக் கிடக்கிறது? வருகிறாய் என்றால் ஒரு வரி போடு. வரவில்லை என்றாலும் போடு, நான் பஸ் ஏறி அங்கே வந்துவிடுகிறேன்.

உன் தங்கச்சி