உன் முறையில் நான் ஓட்டிய சுற்றுகள்

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. எட்டு மாதமாக மூடியே கிடந்த டப்பா. ஞாயிற்றுக்கிழமை சிவகாசியிலிருந்து ஒருவர் நம் பைக்கை விலைக்குக் கேட்டு வருகிறார். அதற்குள் துடைத்து வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். துடைக்கவில்லை. எழுந்து தெருமுனை வரை போய்விட்டு வந்தேன், திரும்பவும் போனேன். குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் சுற்றுகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறாள். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன், மாப்பிள்ளை.

நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர், ஒருவன் ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டர், இன்னொருவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் சீட் கவர் கடைக்காரன், கல்லிலும் மணலிலும் ஓட்டுகிற பழைய பைக் வாங்க மதுரைக்குப் போனோம் என்று எத்தனை பேர் சிரித்தார்கள்! ரோட்டை விட்டு இறக்கியதே இல்லை என்று விற்றவர் சத்தியம் செய்தார். நீ ஃபில்டர் டப்பாவுக்குள் விரலை விட்டுச் செம்மண்ணோடு எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாய். நான் முன் ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்து ஆயில் கசிவதைக் காட்டினேன். அத்தனையும் தெரிந்துதான் வாங்கினோம். எஞ்சின் சத்தத்தைக் கேட்ட பிறகு குறை எதுவும் நம் கண்ணில் படவில்லை.

அப்புறம் இரண்டு மாதம் உன் கடைவாசல்தான் பட்டறை. ஃபோர்க் சீல் மாற்றினோம், மணலைக் கவ்விப் பிடிக்கிற பட்டன் டயர் போட்டோம். கல்லடி படாமல் எஞ்சினுக்கு அடியில் மாட்ட, மில்லில் கழித்துப்போட்ட தகட்டைக் கேட்டு வாங்கி வளைத்தேன். பழைய ஃபில்டர் பொடிந்து போயிருந்ததால் நீ சீட்டுக்கு வைக்கும் ஸ்பான்ஜை அதே அளவில் வெட்டினாய். தூசியைப் பிடிக்க அதில் எண்ணெய் தடவ வேண்டும். அதற்கென்றே ஒரு எண்ணெய் இருக்கிறது, வரவழைக்கலாம் என்றேன். உனக்குப் பொறுக்குமா?

"ஏலே, சுத்தித் தென்னந்தோப்ப வச்சிக்கிட்டு எண்ணெய்க்கு எவன்ட்டப் போயி நிக்கச் சொல்லுத?"

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் ஸ்பான்ஜை முக்கினாய். ஃபிட்டராகிய நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்கழியில் ஒரு காலை எண்ணெய் உறைந்துபோய், வண்டி மூச்சுவிட வழியில்லாமல் கிடந்தது. வெயில் ஏறும் வரை அந்த ஸ்பான்ஜை உள்ளங்கையில் வைத்து மாறி மாறித் தேய்த்தோம். அப்போதும் நீ ஒப்புக்கொள்ளவில்லை, மார்கழிதான் சரியில்லை என்றாய்.

மலைக்காட்டுக்குள் வண்டியை விட வனத்துறை சம்மதிக்காது. வ. புதுப்பட்டிப் பக்கத்து வறண்ட கண்மாய் நமக்குப் போதுமாக இருந்தது. கரையிலிருந்து இறங்கி, சீமைக்கருவேலத்துக்குள் புகுந்து, மணல் ஓடையைக் கடந்து மறுபடி கரையேறினால் ஒரு சுற்று. வண்டி ஒன்று, ஆள் இரண்டு. ஆகவே இரண்டு சுற்று நீ, இரண்டு சுற்று நான். அதில் மட்டும் நாம் ஏமாற்றியதே இல்லை. காத்திருக்கும்போது நீ கரையில் கால் தரிக்காமல் நடந்துகொண்டே இருப்பாய். நான் ஒவ்வொரு தடவையும் மணலில் பயந்து பிரேக்கைப் பிடித்து விழுவேன்.

"மணல்ல பிரேக்க மறந்துரு, மாப்ள," என்று கரையிலிருந்து கத்துவாய்.

கடைசியாகப் போன அன்று நான் விழவில்லை. முதல் தடவையாக மணலைத் தாண்டி மேலே ஏறினேன். அந்த வெறியில் இரண்டு சுற்று முடிந்தும் நிறுத்தவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் நீ கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நீ உட்காருகிற ஆளே இல்லை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. ஒருவழியாக இறங்கி வண்டியைக் கொடுத்தபோது, வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றாய். கோபித்துக்கொண்டாய் என்று நினைத்து நானும் முறுக்கிக்கொண்டேன். நான்கு நாள் போன் செய்யவில்லை. ஐந்தாம் நாள் நீ கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

நாற்பதாம் நாள் உனக்குப் பாத்திஹா ஓதி முடிந்து எல்லாரும் போன பிறகு, அன்றைக்குக் கண்மாயிலிருந்து என் மேல் கோபமாக வந்தானா என்று உன் மனைவியிடம் கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லண்ணே. நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னு வந்து படுத்தாக. நீங்க மணல்ல விழாம ஏறுனத அம்புட்டு சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்தாக."

தங்கச்சி ஆறுதலுக்குச் சொன்னதுதான். எனக்குத்தான் ஆறவில்லை. நீ கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லையே. வண்டியை விற்கத் துணிந்ததும் அதனால்தான். அது வாசலில் நிற்கிற வரைக்கும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

இதுவரை நேற்று எழுதியது. எழுதிய பிறகு விற்க மனம் வரவில்லை; இன்று காலையில் சிவகாசிக்காரருக்கு போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்மாய்க்குப் போனேன். மணலில் ஒரு தடவை விழுந்தேன். இரண்டு சுற்று முடிந்ததும் கரையேறி, எஞ்சினை அணைக்காமல் ஸ்டாண்டு போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். நீ இரண்டு சுற்று ஓட்டி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். ஆடு பத்திக்கொண்டு வந்த ஒருவர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டிதான் ஓடுதுல்ல, பொறவு ஏன் நிக்கிறீக?"

"இப்ப என் முறை இல்லண்ணே," என்றேன்.