கண்ணாடிக்குப் பின்னால் கேட்ட சத்தம்

என் அன்பு மகள் ஜிபாருக்கு, பாலிக்சியிலிருந்து அப்பா எழுதுகிறேன். இர்கூத்ஸ்க் குளிருக்கு ஏற்ற காலணி வாங்கிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நானும் இங்கே இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மருந்துப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேய்ச்சல் மலைகளுக்குப் போய் ஆடுமாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறேன். நம் சிவப்புப் பசு கன்று போட்டது, கிடாரி. உன் அம்மா நட்ட ஆப்ரிகாட் மரம் வசந்தத்தில் நன்றாகப் பூத்தது. பூத்திருக்கிறது என்று தெரிந்தது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காயெல்லாம் பழுத்து விழுந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

போனில் நீ கோபப்பட்டாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அப்பா, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், நீங்க ஒரு ம் கூடச் சொல்ல மாட்டேங்குறீங்க, அம்மா போனதோட நீங்களும் போயிட்டீங்களா என்று கேட்டாய். கத்திக் கேட்டதால் அது மட்டும் என் காதில் விழுந்தது. மற்றது விழவில்லையம்மா. காதுக்குள் எந்நேரமும் ஒரு இரைச்சல், ஆற்றுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது போல. காது டாக்டரம்மாவிடம் போனேன். அந்தப் பெண் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது வயசுக் கோளாறு இல்ல, காத்து பண்ற வேலை, ஒண்ணு வண்டிய விடுங்க, இல்ல காத்த நிறுத்துங்க என்றாள். வெளியூர்ப் பெண், பாவம். பாலிக்சியில் வந்து காற்றை நிறுத்தச் சொல்கிறாள். உலான் காற்று கணவாயிலிருந்து கிளம்பினால் கூரைத் தகரத்தையே கொண்டுபோய் ஏரியில் போடுகிற ஊர் இது.

வண்டியை விட்டால் என் பிழைப்பு என்னாவது. அதனால் தோரோனிடம் போனேன். உன்னோடு பள்ளியில் படித்த அந்தக் கோணல் பல் தோரோன்தான், இப்போது சந்தைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். வண்டிக்கு முன்னால் காற்றை மறைக்க இருந்த குட்டைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெரியதாக ஒன்று போடு, தலை முழுக்க மறையட்டும் என்றேன். வேணாம் மாமா, சொன்னாக் கேளுங்க என்றான். நான் கேட்பேனா? ஒரு கதவு அளவுக்கு வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் காற்றே படவில்லை, சரிதான். ஆனால் மண்டையை யாரோ இரண்டு கையாலும் பிடித்து மாவு சலிக்கிற மாதிரி சலித்தார்கள். ரோட்டின் வெள்ளைக் கோடு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இரைச்சல் முன்பைவிட அதிகம். திரும்பி வந்ததும் தோரோன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். உசரமா இருந்தா நல்லதுன்னு உங்களுக்கு யார் சொன்னா, காத்து கண்ணாடிக்கு மேல ஏறிச் சுருண்டு நேரா உங்க ஹெல்மெட் மேலதான் வந்து விழும், குட்டையா இருந்தா நெஞ்சுல குத்தும், நட்டநடுவுல ஒரு இடம் இருக்கு, அது ஆளுக்கு ஆள் மாறும் என்றான்.

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் அவனே சொல்லிக்கொடுத்தான். பழைய குட்டைக் கண்ணாடியையே திரும்ப மாட்டி, ஏரிக்கரை ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டிக்கொண்டே, இடது கையைக் கண்ணாடியின் விளிம்புக்கு மேலே தட்டையாகப் பிடித்து மெல்ல உயர்த்த வேண்டும். எந்த உயரத்தில் தலையாட்டம் நிற்கிறதோ அங்கேதான் விளிம்பு இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு அட்டையை வெட்டி டேப் போட்டு ஒட்டிப் பார்த்தோம். கொஞ்சம் நறுக்கினோம், மறுபடி ஒட்டினோம். கடைசியில் என் மூக்குக்கு நேராக வந்து நின்றது. அந்த அளவுக்குப் பெரிய கண்ணாடியை அறுத்து மாட்டினான் தோரோன். கண்ணாடி வழியாகப் பார்க்காமல் அதற்கு மேலாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டுமாம், இல்லாவிட்டால் மாலை வெயிலில் ஒன்றும் தெரியாது. அப்படியும் முதுகுப் பக்கமிருந்து ஏதோ தள்ளிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால காத்து இல்லாம வெறுமையா இருக்கு மாமா, அந்த வெறுமைதான் உங்கள இழுக்குது, கீழ கொஞ்சம் சந்து விட்டாச் சரியாயிரும் என்று சொல்லி, பழைய டியூபிலிருந்து ரப்பர் வளையங்கள் வெட்டிக் கண்ணாடிக்கு அடியில் கொடுத்துத் தூக்கி முடுக்கினான். பிறகு ஓட்டினேன். அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. சங்கிலி ஓடுவது கேட்டது, மருந்துப் பெட்டிக்குள் பாட்டில் உரசுவது கேட்டது. உன் அம்மா போனதிலிருந்து ஒரு பொருளை இவ்வளவு கவனமாக நான் பார்த்ததே இல்லை.

அந்த அமைதியில்தான் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. அடித்தொண்டையில் மாடு முனகுகிற மாதிரி, ஏறி இறங்கி, நீளமாக. வண்டியில் ஏதோ தேய்கிறது என்று தீர்மானித்துவிட்டேன். மாட்டு வயிற்றில் வைத்துப் பார்க்கும் குழாயை எடுத்து இன்ஜினில் வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. தோரோன் முன்சக்கரத்தைப் பிரித்து பேரிங்கைப் பார்த்தான், சங்கிலியைக் கழற்றி மாட்டினான், அவனே ஓட்டியும் பார்த்தான். உங்க வண்டி ஆள் பார்த்துத்தான் அழும் போல மாமா, எங்கிட்ட வாயே தொறக்கல என்றான். சரி, என் பின்னால் உட்கார்ந்து கேள் என்று ஏற்றிக்கொண்டு போனேன். ஊரைத் தாண்டி, அணைக்கட்டு ரோட்டில் ஏறியதும் சத்தம் ஆரம்பித்தது. கேக்குதா, கேக்குதா என்றேன், நின்றது. வாயை மூடினேன், மறுபடி வந்தது. தோரோன் என் தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னான். இறங்கி என் முகத்தைப் பார்க்காமல், மாமா, வண்டி இல்ல, நீங்கதான் என்றான். அதற்கு மேல் கேலி பேசவில்லை. நல்ல பிள்ளை.

நான் அவனை நம்பவில்லை. அடுத்த நாள் தனியாகப் போய், ஓட்டிக்கொண்டே கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது. அழுகைதான். கண்ணில் தண்ணீர் இல்லை, மனதில் ஒன்றுமில்லை, யாரோ ஒருவருடைய தொண்டை மாதிரி அது பாட்டுக்கு அழுதுகொண்டிருக்கிறது. எத்தனை மாதமாக இப்படியோ, காற்றிரைச்சலில் எனக்கே தெரியவில்லை.

உன் மாமன் கல்மூர்சா ஏன் நம் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று கேட்டாயே, அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். உன்னால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை, அதனால் நீ பார்க்கவில்லை. அம்மாவை முற்றத்தில் போட்ட கூடாரத்தில் கிடத்தி உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வெளியே நான் இடுப்பில் கச்சை கட்டிக் கோலில் சாய்ந்து நின்றேன். வருகிற ஆண்கள் தெரு முனையிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு வருவார்கள், வீட்டு ஆண்கள் பதிலுக்கு வாய்விட்டு அழ வேண்டும். அதுதானே நம் வழக்கம். கல்மூர்சா குதிரையை விரட்டிக்கொண்டு, என் தங்கமே, என் கூடப்பிறந்தவளே என்று தெருவே அதிர வந்தார். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இருமல்கூட வரவில்லை. அவர் குதிரை மேலிருந்தே, என் தங்கச்சி செத்துக் கெடக்குறா, இவன் மரக்கட்டையாட்டம் நிக்குறான், வீட்டு நாய் செத்தாக்கூட ஒரு மனுஷன் ஐயோம்பான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. வருகிற இலையுதிர் காலத்தில் அம்மா போய் ஒரு வருஷம் நிறைகிற விருந்து. பிறந்த வீட்டார் வராத விருந்தை ஊர் விருந்தென்று ஒத்துக்கொள்ளாது, அவளுக்கு நான் செய்கிற கடைசி மரியாதையும் கெட்டுப்போகும். வேறு ஆளை அனுப்பிப் பார்த்தேன், அவர் தேநீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால் நானே அவர் ஊருக்கு, கோச்கோருக்குப் போனேன். வழியெல்லாம் தொண்டை அழுதது. அவர் வீட்டு முற்றத்தில் ஹெல்மெட்டைக் கழற்றினேன், நின்றுவிட்டது. மறுபடி மரக்கட்டை. வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, விருந்துக்குக் கூப்பிட வந்தியா, போ, உங்க வீட்டுல யாரும் செத்த மாதிரியே எனக்குத் தெரியல என்றார். மச்சான், ஒரு தடவை என் பின்னால ஏறுங்க, அதுக்கப்புறம் என்ன வேணா திட்டுங்க என்றேன். நான் குதிரையில வளந்தவன், இந்தத் தகர டப்பாவுல ஏறிச் சாகவா என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. கடைசியில், ஓட்டுடா மரக்கட்டை, எங்க கொண்டுபோய்த் தள்ளுறன்னு பாக்குறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே, குதிரைக்குக் கால் போடுவது போலப் போட்டு ஏறி என் இடுப்பை இறுக்கிப் பிடித்தார்.

ஊருக்கு வெளியே வந்து வேகம் எடுத்ததும் அது வந்தது. நான் அடக்கவில்லை. உன் மாமன் முதலில் என்னடா இது, என்னடா இது என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவர் நெற்றி என் முதுகில் முட்டியது, அவரும் ஆரம்பித்துவிட்டார், என் தங்கமே, என் கூடப்பிறந்தவளே என்று அதே குரல். நான் வண்டியைத் திருப்பி அவர் தெருவுக்குள்ளேயே விட்டேன். இரண்டு கிழவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளில் வாய்விட்டு அழுதுகொண்டு வருகிறோம், ஜனங்கள் வாசலுக்கு ஓடி வருகிறார்கள், யார் வீட்டில் சாவு என்று. அவர் மனைவி பதறிக்கொண்டு வந்து கேட்டாள். என் தங்கச்சி சாய்ரகான் என்றார் அவர், அன்றைக்குத்தான் செய்தி வந்ததைப் போல. இறங்கிப் பார்த்தால் என் கோட்டு முதுகு முழுக்க நனைந்திருந்தது. என் கண் அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் ஊற்றினார். வழக்கப்படி விருந்துக்கு வெட்டும் குதிரை தன்னுடையது என்றார்.

ஆகையால் விருந்து உண்டு. முதலாளியிடம் இப்போதே லீவு கேட்டு வை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராதே, உனக்குச் சளி பிடிக்கும். எனக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டாதே. அல்லா உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் தரட்டும், நீ போகிற வழியெல்லாம் திறந்திருக்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். இப்போது காது கொஞ்சம் தேவலை, ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான் பேசாமல் இருந்தால் கோபித்துக்கொண்டு வைத்துவிடாதே. இந்தப் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் கேட்டுப் பார். கேட்டால் எனக்கும் சொல்.

உன் அப்பா,
சாத்கின்